நிலம் நடுங்கினால் 300 கிலோமீட்டர் உயரத்தில் என்ன நடக்கிறது?

2011 மார்ச் 11 அதிகாலை. ஹவாயின் மௌயி தீவில், ஹலேயாகலா எரிமலையின் உச்சியில் ஒரு கேமரா வழக்கம்போல வானத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களுக்கான கேமரா அல்ல. சுமார் 250 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் இரவு முழுக்க மிக மங்கலான ஒரு சிவப்பொளியை உமிழ்ந்துகொண்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. அதைப் பதிவு செய்வதுதான் அந்தக் கேமராவின் வேலை. அன்று அந்தச் சிவப்பில் வரிவரியாக அலைகள் நகர்ந்தன. சில மணி நேரம் முன்பு ஜப்பானின் தோஹோகு கடலோரத்தில் கிளம்பிய சுனாமி அப்போது பசிபிக்கைக் கடந்து வந்துகொண்டிருந்தது. அது தீவைத் தொடுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே அதன் தடம் வானத்தில் தெரிந்துவிட்டது. சுனாமியின் விளைவை இப்படி வான ஒளியில் படமெடுத்தது அதுதான் முதல்முறை.

இதில் வியக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆழ்கடலில் ஓடும் சுனாமி பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. அந்த ஏற்றமும் பத்து, இருபது நிமிடங்களில் மெல்ல நடப்பது. அதன்மேல் மிதக்கும் கப்பலில் இருப்பவர்களுக்கே ஒன்றும் தெரியாது. கப்பலில் தெரியாதது 250 கி.மீ. மேலே எப்படித் தெரிகிறது?

விடை காற்றின் அடர்த்தியில் இருக்கிறது. தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.2 கிலோ. 300 கி.மீ. உயரத்தில் அதே கன மீட்டருக்குள் இருப்பது ஒரு கிராமில் பல கோடியில் ஒரு பங்குதான். தரையோ கடலோ மேலே தூக்கப்பட்டால் அதை ஒட்டிய காற்றும் தூக்கப்படுகிறது. அந்த அசைவு அலையாக மேலே கிளம்புகிறது. அலை தன் ஆற்றலை ஏறக்குறைய அப்படியே எடுத்துப் போகிறது, ஆனால் சுமக்கும் காற்று மெலிந்துகொண்டே வருகிறது. அதே ஆற்றலைக் கொஞ்சம் எடை மட்டும் தாங்க வேண்டுமென்றால், அந்தக் கொஞ்சம் எடை வேகமாக ஆடித்தான் தீர வேண்டும். மாட்டுவண்டிக்காரர் மணிக்கட்டை லேசாகச் சொடுக்கினால் சாட்டையின் மெல்லிய நுனி பளீரென்று வெட்டுகிறதே, அதே கதை. கணக்குப்படி, தரையில் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற ஆட்டம் அந்த உயரத்துக்குப் போய்ச் சேரும்போது வினாடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டிவிடலாம்.

எல்லா அசைவும் இப்படி மேலே போய்விடாது. காற்று ஒரு கறாரான வடிகட்டி. நாம் காதால் கேட்கும் ஒலி 100 கி.மீ. உயரத்தைத் தொடுவதற்குள்ளேயே காற்றின் பாகுத்தன்மையில் கரைந்து போகும். தப்பிப்பவை பத்து வினாடி, நூறு வினாடி, சில நிமிடங்கள் என்று நீண்ட ஆட்டம் கொண்ட தாழ்ஒலிகள். கடலுக்கும் இதே கட்டுப்பாடுதான். மெரினாவில் நாம் பார்க்கும் அலைகள் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒன்றாக வருபவை. அவற்றின் மேலுள்ள காற்று கொஞ்சம் அசையும், சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். காற்றுக்கு மேலும் கீழுமாக ஊசலாட ஓர் இயல்பான கால அளவு உண்டு, கீழ் வளிமண்டலத்தில் அது ஏறக்குறைய ஐந்து நிமிடம். அதைவிட மெதுவாக ஆடும் ஒன்று, கூடவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலைநீளத்தோடு வேகமாக ஓடும் ஒன்று, கீழே இருந்து தள்ளினால் காற்றில் வேறு வகை அலை கிளம்பும். தூக்கப்பட்ட காற்றை ஈர்ப்பு விசை கீழே இழுக்கும், மிதப்பு மேலே தள்ளும். இந்த இழுபறியில் பரவுவதால் இதை மிதப்பு அலை என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை கால அளவு கொண்ட சுனாமிக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. புயல் கிளப்பும் பத்து மீட்டர் அலைக்குத் திறப்பதில்லை. அதாவது, கரையில் நின்று பார்த்தால் பயமாக இருக்கும் அலையை விட்டுவிட்டு, நடுக்கடலில் யாருக்கும் தெரியாத அலையை மட்டும் பொறுக்கி எடுத்து மேலே அனுப்புகிறது காற்று.

சரி, மேலே என்ன இருக்கிறது? சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உண்டான அயனிமண்டலம். எலக்ட்ரான்கள் அதிகம் திரண்டிருப்பது 250 முதல் 350 கி.மீ. உயரம் வரை. கீழிருந்து வரும் அலை அங்குள்ள மின்னூட்டமில்லாத சாதாரணக் காற்றை அசைக்க, அது அயனிகளையும் எலக்ட்ரான்களையும் இடித்துத் தள்ளுகிறது. எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நெருங்குகின்றன, இன்னோரிடத்தில் விலகுகின்றன. ரேடியோ அலைகள் எலக்ட்ரான்களுக்கு மிகவும் கூச்சப்படுபவை என்பதால் இந்த மாற்றம் நமக்கு அகப்படுகிறது.

ஒரு பெரிய நிலநடுக்கத்திலிருந்து அயனிமண்டலத்துக்கு மூன்று வழிகளில் செய்தி போகிறது. முதலாவது நேர் ஒலி: நடுக்க மையத்துக்கு மேலே கடற்பரப்பு உயர்ந்ததும் கிளம்பி, எட்டுப் பத்து நிமிடத்தில் மேலே போய்ச் சேர்ந்து, வட்டமாகப் பரவும். இரண்டாவது, நிலத்தின் மேற்பரப்பில் வினாடிக்கு மூன்று நான்கு கி.மீ. வேகத்தில் ஓடும் ரேலே அலை. அது போகிற இடமெல்லாம் தரையை லேசாகத் தூக்கித் தூக்கி இறக்குவதால், மேலே அதன் நிழல்போல ஓர் அலை கூடவே ஓடும். 2002 நவம்பரில் அலாஸ்காவின் டெனாலியில் நடந்த 7.9 அளவு நடுக்கத்தின் ரேலே அலையைக் கலிபோர்னியாவின் வானத்தில் பிடித்தார்கள். மூன்றாவது, சுனாமியின் மிதப்பு அலை. இது மேலே ஏறும் வேகம் ரொம்பக் குறைவு. ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ ஆகும். ஆனால் ஏறிவிட்டால் சுனாமியோடு சேர்ந்தே நகரும். 4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் மணிக்கு 700 கி.மீ.க்கு மேல், மேலே உள்ள அலைக்கும் அதே வேகம்.

இதை அளக்க யாரும் புதிதாக ஒரு கருவி செய்யவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஒரே நேரத்தில் இரண்டு அதிர்வெண்களில் சமிக்ஞை அனுப்புகின்றன: 1575.42 மெகாஹெர்ட்ஸ், 1227.60 மெகாஹெர்ட்ஸ். எலக்ட்ரான்கள் நடுவே புகுந்து வரும்போது இரண்டும் வேறுவேறு அளவில் தாமதமாகின்றன. அந்த வித்தியாசத்திலிருந்து, செயற்கைக்கோளுக்கும் தரையிலுள்ள பெறுகருவிக்கும் இடையே எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்று கணக்கிடலாம். இதன் அலகு, ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்புள்ள நெடிய கம்பத்துக்குள் 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான்கள். நில அளவைக்காரர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு தொல்லை. ஓர் அலகு கூடினாலே முதல் அதிர்வெண்ணில் 16 செ.மீ. பிழை வரும். அவர்கள் கழித்து எறிந்த பிழையைத்தான் மற்றவர்கள் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். பகலில் நம் பகுதியின் மேலே ஐம்பது, நூறு அலகு வரை எலக்ட்ரான் இருக்கும்; சுனாமி உண்டாக்கும் மாற்றம் பெரும்பாலும் ஓர் அலகுக்கும் குறைவு. சமிக்ஞையின் கட்டத்தை, அதாவது அந்த அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, அளக்கும் முறை அவ்வளவு துல்லியமாக இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே விஷயம் தெரிந்திருந்தது. 1964 மார்ச் 27 அன்று அலாஸ்காவை உலுக்கிய 9.2 அளவு நடுக்கத்துக்குப் பிறகு, பல ஆயிரம் கி.மீ. தள்ளியிருந்த ரேடியோ கருவிகளில் அயனிமண்டலம் ஆடியது பதிவானது. 1970களின் தொடக்கத்தில் கனடாவின் கொலின் ஹைன்ஸ், சுனாமியும் இப்படி ஓர் அலையை மேலே அனுப்ப வேண்டும் என்று கோட்பாட்டளவில் சொன்னார். அதற்கு ஆதாரம் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 2001 ஜூனில் பெருவின் கடலோரத்தில் கிளம்பிய சுனாமி ஜப்பானை அடைந்தபோது, ஜப்பானின் ஜிபிஎஸ் வலையமைப்பு அதன் மேல் வானத்து அலையைக் காட்டியது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை 6:29க்கு சுமத்ராவின் வடமேற்கே நிலத்தட்டு உடைந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1, டோபெக்ஸ்/பொசைடன் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் தற்செயலாக இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. கடல்மட்டத்தை ரேடார் கொண்டு அளப்பது அவற்றின் வேலை. ரேடாரும் எலக்ட்ரான்களால் தாமதமாகும் என்பதால், அதைத் திருத்துவதற்காக அவையும் இரண்டு அதிர்வெண்களில் அளக்கின்றன. ஆகவே ஒரே கருவி, ஒரே கணத்தில், கீழே கடல் அரை மீட்டருக்கு மேல் எழும்பியதையும் நடுவிலுள்ள அயனிமண்டலம் ஆடியதையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டது. கணினியில் சுனாமியை ஓடவிட்டு, அது கிளப்பும் மிதப்பு அலையைக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அளந்ததும் கணக்கிட்டதும் பொருந்தி வந்தன. தாய்லாந்தின் மேலே அயனிமண்டலம் ஏறக்குறைய நான்கு நிமிட ஒழுங்கில் மணிக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தது. தரைக்கும் உயர் வளிமண்டலத்துக்கும் நடுவில் ஒலி சிக்கிக்கொண்டு ஒத்ததிர்ந்ததன் அடையாளம் அது. இத்தனையும் தெரிய வந்தபோது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்து மாதங்கள் ஆகிவிட்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அறிவியல் வேடிக்கையைத் தாண்டி இதனால் என்ன பயன் என்று கேட்டால், நான் 2011-ஐத்தான் காட்டுவேன். தோஹோகு நடுக்கம் தொடங்கி மூன்றே நிமிடத்தில் ஜப்பான் வானிலை முகமை சுனாமி எச்சரிக்கை விடுத்தது. உலகில் வேறு எந்த நாட்டாலும் அப்போது அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் அந்த முதல் கணக்கில் நடுக்கத்தின் அளவு 7.9. அதன்படி மியாகிக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் புகுஷிமாவுக்கும் 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். உண்மையில் அது 9.0, பல இடங்களில் அலை பத்து மீட்டரைத் தாண்டியது. இது யாருடைய கவனக்குறைவும் இல்லை. மிகப் பெரிய நடுக்கங்களில் உடைப்பு முடியவே இரண்டு மூன்று நிமிடம் ஆகும்; அதற்குள் கணக்கிடும் எந்த முறையும் அளவைக் குறைத்துத்தான் காட்டும். 2004-இலும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் கணிப்பு 8.0தான்.

நில அதிர்வுமானிக்குத் தெரிவது தரை எவ்வளவு குலுங்கியது என்பது மட்டும். கடல் எவ்வளவு தூக்கப்பட்டது என்பதை அதிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டும், ஊகம் தப்பலாம். 2010 அக்டோபரில் இந்தோனேசியாவின் மெந்தாவாய் தீவுகளில் நடந்தது அப்படித்தான். 7.8 அளவு நடுக்கம், ஆனால் உடைப்பு மெதுவாக நடந்ததால் கரையில் குலுக்கல் பலமாக இல்லை. பின்னால் வந்த அலையில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அயனிமண்டலமோ குலுக்கலைப் பொருட்படுத்துவதில்லை. கடற்பரப்பின் செங்குத்து அசைவுக்குத்தான் அது பதில் சொல்கிறது. தோஹோகுவில், சுமார் 1,200 நிலையங்கள் கொண்ட ஜப்பானின் ஜியோநெட் வலையமைப்பு, நடுக்கம் தொடங்கி பத்து நிமிடத்துக்குள்ளேயே வானத்தில் அலை வட்டங்களைப் பதிவு செய்தது. அந்த வட்டங்களின் மையம் நடுக்க மையத்தின் மேல் இல்லை, அங்கிருந்து 170 கி.மீ. தென்கிழக்கே, கடல் மிக அதிகமாகத் தூக்கப்பட்ட பக்கம் இருந்தது. அன்று அந்தத் தரவை உடனுக்குடன் பார்க்க ஏற்பாடு இல்லை.

இப்போது ஓரளவு இருக்கிறது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம் கார்டியன் என்ற பெயரில் ஒரு கண்காணிப்பு முறையை நடத்துகிறது. உலகெங்கும் 350க்கும் மேற்பட்ட நிலையங்களின் தரவை உடனுக்குடன் வாங்கி, அயனிமண்டலத்தில் வழக்கத்துக்கு மாறான அலை எழுந்தால் அடையாளம் காட்டும். 2025 ஜூலை இறுதியில் ரஷ்யாவின் கம்சத்காவில் 8.8 அளவு நடுக்கம் வந்தபோது, இருபது நிமிடத்துக்குள் அது வல்லுநர்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. ஹவாயில் அலை கரையேறுவதற்கு 30 முதல் 40 நிமிடம் முன்பே சுனாமியின் அடையாளத்தை உறுதி செய்தது. அந்த முறை ஹவாயில் பெரிய சேதம் இல்லை. ஆனால் கடலில் ஒரு மிதவைகூட இல்லாத பரப்பிலும், செயற்கைக்கோளும் பெறுகருவியும் இருந்தால் சுனாமியைப் பின்தொடரலாம் என்பது நடைமுறையில் தெரிந்தது.

நடுக்கமே இல்லாத சுனாமிக்கு இந்த வழி இன்னும் முக்கியம். 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் ஹுங்கா எரிமலை வெடித்தபோது கிளம்பிய அழுத்த அலை வினாடிக்கு 300 மீட்டருக்கு மேலான வேகத்தில் பூமியைப் பல முறை சுற்றியது. ஜப்பானின் அயனிமண்டலம் அந்த அழுத்த அலை வந்து சேர்வதற்கு வெகுநேரம் முன்பே ஆடத் தொடங்கியது. காரணம் வேடிக்கையானது: அலை முதலில் ஆஸ்திரேலியாவின் மேலுள்ள அயனிமண்டலத்தை அசைக்க, அங்கே உண்டான மின்புலம் பூமியின் காந்தக் கோடுகள் வழியாக நொடியில் ஜப்பானுக்குத் தாவியது. வானத்தில் ஓர் அலை தெரிகிறது என்பதாலேயே அதன் கீழே கடலில் சுனாமி இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கும் இதே உதாரணம்தான்.

இந்தத் துறையைப் பற்றிய செய்திகளில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று: ‘நிலநடுக்கத்தை முன்கூட்டியே வானம் காட்டிக்கொடுக்கும்’ என்ற தலைப்பு. இதுவரை சொன்னவை எல்லாம் நடுக்கத்துக்குப் பின் நடப்பவை. இயற்பியல் தெளிவு, அளவீடும் தெளிவு. நடுக்கத்துக்கு முன்பே அயனிமண்டலம் மாறுகிறது என்பது வேறு வழக்கு. தோஹோகுவுக்கு 40 நிமிடம் முன்பிருந்தே எலக்ட்ரான் அளவு கூடியது என்று ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கொசுகே ஹெகி 2011-இல் எழுதினார். அவர் மதிப்புள்ள ஆய்வாளர், இந்தத் துறையின் முக்கியமான பல வேலைகள் அவருடையவை. ஆனால் நடுக்கத்துக்குப் பின் சுனாமியால் எலக்ட்ரான் அளவு வெகுவாகக் குறைந்ததையும் சேர்த்து, வழக்கமான அளவு இதுதான் என்று ஒரு சீர்கோட்டை வரைந்தால், அதற்கு முந்தைய பகுதி உயர்ந்ததுபோலத் தோன்றும் என்று மற்றவர்கள் மறுத்தார்கள். விவாதம் முடியவில்லை. பிரான்ஸ் இதற்காகவே 2004-இல் டெமிட்டர் என்ற செயற்கைக்கோளை அனுப்பி ஆறு ஆண்டுகள் தரவு சேர்த்தது. எச்சரிக்கையாகப் பயன்படுத்தத் தக்க எதுவும் அதிலிருந்து வரவில்லை. சூரியனில் ஒரு சின்ன வெடிப்பு நிகழ்ந்தாலே கலங்கிவிடும் ஒரு மண்டலத்தில், பூமிக்கு அடியிலிருந்து வரும் முன்னறிகுறியைத் தேடுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை.

நம் கரைகளுக்கு இது எப்படிப் பொருந்தும்? அந்தமானில் இருப்பவருக்கு உதவாது. அங்கே உடைப்பு காலடியில் இருக்கிறது, மிதப்பு அலை மேலே ஏறும் முன்பே கடல் வந்துவிடும். 2004-இல் சென்னைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த அவகாசத்தில் ஒலியலையின் பத்து நிமிடச் செய்திக்கு நிச்சயம் இடமிருக்கிறது. தடங்கலும் இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் தென்முனை வழியாகத்தான் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுதான் காரணம். இங்கே காந்தக் கோடுகள் கிடையாகக் கிடக்கின்றன. அயனிகள் அந்தக் கோடுகளின் வழியேதான் எளிதாக நகரும் என்பதால், வடக்கு தெற்காகத் தள்ளும் அலை நன்றாகத் தெரியும், நேர் மேலே தள்ளுவது மங்கிவிடும். போதாக்குறைக்கு, சூரியன் மறைந்ததும் நம் வானத்தில் எலக்ட்ரான் குறைந்த குமிழிகள் எழும்பி ஜிபிஎஸ் சமிக்ஞையையே குலைக்கும். ஜிபிஎஸ் போல இந்தியாவே நடத்தும் நாவிக் இதில் ஓரளவு கைகொடுக்கலாம்: ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வானத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை, நாவிக்கில் சில ஒரே இடத்தில் நிற்பவை. நின்ற இடத்திலிருந்து ஒரே வானப் பகுதியை மணிக்கணக்காகப் பார்க்க முடியும்.

ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் நில அதிர்வுமானிகள், கடலடி அழுத்தமானிகள், அலைமானிகள் ஆகியவற்றைக் கொண்டு வேலை செய்கிறது. அந்த வரிசையில் அயனிமண்டலத்தையும் சேர்த்தால், எனக்குத் தோன்றும் பெரிய லாபம் எச்சரிக்கை விடுவதில் இல்லை, திரும்பப் பெறுவதில்தான். 2012 ஏப்ரல் 11 பிற்பகலை நினைத்துப் பாருங்கள். சுமத்ராவுக்கு மேற்கே 8.6, இரண்டு மணி நேரத்தில் இன்னொரு 8.2. சென்னையில் அலுவலகங்களிலிருந்து ஆட்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள், கடற்கரைகளை விட்டு விலகச் சொன்னார்கள், பெரிய அலை வரவில்லை. தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்த நடுக்கம் அது. கடல்தளம் அதிகம் தூக்கப்படவில்லை. அன்று சுமத்ராவின் ஜிபிஎஸ் நிலையங்களில் பதிவான வானத்து அலையும் 8.6 என்ற அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிடச் சிறியதாகவே இருந்தது. முதல் பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே பதிவாகிவிட்ட தகவல் அது. பின்னால் ஆய்வுக் கட்டுரைக்காகத்தான் எடுத்துப் பார்த்தார்கள்.